எஸ்தோனியப் பங்குகளின் விடுதலைப் போர் நினைவுக்கல்: படிப்பதற்கும் பதிவு செய்வதற்கும் ஒரு வழிகாட்டி

எஸ்தோனியாவின் நாட்டுப்புறத்தில், பங்கு எனப்படும் கிறிஸ்தவ ஆலய வட்டாரம் ஒன்றின் பழைய ஆலயத்தை அணுகுபவர், அதன் மதிலோரத்திலோ கல்லறைத் தோட்டத்தின் வாசலிலோ சாலைகள் பிரியும் முனையிலோ, 1918–1920 என்ற ஆண்டுகளையும் ஒரு பெயர் வரிசையையும் தாங்கி நிற்கும் கல்லைப் பெரும்பாலும் காண்பார். அது அந்தப் பங்கிலிருந்து விடுதலைப் போருக்குச் சென்று திரும்பாதவர்களின் நினைவுக்கல். அதை எப்படி அணுகுவது, பெயர்களை எப்படிப் பிழையின்றிப் படியெடுப்பது, அப்பெயர்களுக்குரிய மனிதர்களை ஆவணங்களில் எங்கே தேடுவது, கல்லுக்கு ஊறு செய்யாமல் எப்படிப் பராமரிப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி விளக்குகிறது. எஸ்தோனியாவில் வாழ்ந்துகொண்டு சுற்றுவட்டார வரலாற்றை அறிய விரும்புவோருக்கும், பயணத்தின்போது ஓரிரு நாளை இதற்கென ஒதுக்குவோருக்கும், இணைய ஆவணங்களை மட்டும் கொண்டு தொலைவிலிருந்தே ஆய்வோருக்கும் இது பயன்படும்.

போரின் கால வரையறை மனத்தில் இருந்தால்தான் கல்லில் உள்ள தேதிகள் பேசும். 1918 பிப்ரவரி 24 அன்று தாலினில் எஸ்தோனியா தன்னைத் தனி நாடாக அறிவித்தது. உடனே ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றி நவம்பர் வரை வைத்திருந்தது. ஜெர்மானியர் விலகத் தொடங்கியதும், நவம்பர் 28 அன்று சோவியத் ரஷ்யாவின் செம்படை நார்வா நகரைத் தாக்கியது. போர் தொடங்கிய நாளாக அதுவே கொள்ளப்படுகிறது. 1920 ஜனவரி 3 காலை 10.30 மணிக்குப் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 2 அன்று தார்த்து நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 1922ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 லட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில், இந்தப் பதினான்கு மாதங்களில் 3,500க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர். ஒரு பங்கின் கல்லில் முப்பது நாற்பது பெயர்கள் இருப்பதன் கனத்தை இந்த அளவோடு ஒப்பிட்டே உணர வேண்டும்.

புறப்படும் முன்

முதலில் தீர்க்க வேண்டியது எல்லைக் குழப்பம். எஸ்தோனிய நாட்டுப்புறத்துக்கு இரு பழைய பிரிவுகள் உண்டு. ஒன்று ஆலயத்தை மையமாகக் கொண்ட ‘கிஹெல்கொண்ட்’ என்னும் பங்கு. மற்றொன்று நிர்வாக அலகான ‘வால்த்’ என்னும் ஊராட்சி. ஒரு பங்குக்குள் பல ஊராட்சிகள் அடங்கியிருந்தன. போர்க்கால ஆவணங்கள் ஒரு வீரனை ஊராட்சியின் பெயரால் குறிக்கும். நினைவுக்கல்லோ பெரும்பாலும் பங்கின் பெயரால் நிற்கும். போதாக்குறைக்கு, 2017ஆம் ஆண்டு நிர்வாகச் சீர்திருத்தத்தில் 213 உள்ளாட்சி அலகுகள் 79ஆகக் குறைக்கப்பட்டதால், கல்லிலோ ஆவணத்திலோ காணும் ஊராட்சிப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமலே போகலாம், அல்லது அதே பெயர் மிகப் பெரிய நிலப்பரப்பைக் குறிக்கலாம். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த பங்கில் 1918 வாக்கில் எந்தெந்த ஊராட்சிகள் இருந்தன என்ற பட்டியலை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்தோனிய நில, இடவளர்ச்சி வாரியத்தின் (2024 வரை நிலவாரியம்) இணைய வரைபடச் சேவையில் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அங்கே செலவிடும் நேரம் பின்னால் பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

அடுத்து, தேசியப் பண்பாட்டு நினைவுச்சின்னப் பதிவேட்டில் அந்தக் கல் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கென ஓர் எண், இருப்பிடம், சுருக்கமான விவரம் ஆகியவை கிடைக்கும். அந்தப் பதிவே கல்லின் சட்ட நிலையையும் தீர்மானிக்கிறது. இதைப் பராமரிப்புப் பகுதியில் மீண்டும் பார்ப்போம்.

முதலில் கல்லின் வரலாறு, பிறகே பெயர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் முன் நிற்பது அநேகமாக 1920களில் நாட்டப்பட்ட அதே கல் அல்ல. ஆகவே பெயர்களுக்குள் இறங்கும் முன் கல்லின் வரலாற்றைப் படிக்க வேண்டும். வருகின்ற பலரும் நேராகப் பெயர்ப் பலகையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்னர் அந்தப் பட்டியலை 1920களின் சாட்சியமாக எடுத்தாள்கிறார்கள். அது பல இடங்களில் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

இந்தக் கற்கள் பிறந்த விதம் இது. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பங்குதோறும் உள்ளூர்க் குழுக்கள் அமைந்தன. ஆலயத்தின் குருவானவர், பள்ளி ஆசிரியர், ஊராட்சித் தலைவர், போரிலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் அவற்றில் இருந்தனர். நன்கொடை திரட்டியும் விழாக்கள் நடத்தியும் பணம் சேர்த்தார்கள், பெயர்களைத் தொகுத்தார்கள், கோடைக்கால ஞாயிறு ஒன்றில் திறந்துவைத்தார்கள். 1940க்குள் நாடெங்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் எழுந்தன. தலைநகரில் நாடு முழுமைக்குமான வெற்றித் தூண் 2009 ஜூன் 23 அன்றுதான் திறக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த நினைவுகூரல் மேலிருந்து இறங்கிய ஆணையால் அல்ல, பங்குகளிலிருந்தே வளர்ந்தது என்பது விளங்கும்.

பிறகு அழிவு வந்தது. 1940 ஜூனில் சோவியத் ஒன்றியம் நாட்டைக் கைப்பற்றியதும், அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல கற்கள் தகர்க்கப்பட்டன. 1941 முதல் 1944 வரையிலான ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் சிலவற்றை ஊரார் மீண்டும் நிறுத்தினார்கள். 1944இல் சோவியத் ஆட்சி திரும்பியபின், மீண்டும் நின்றவையும் முன்பு தப்பியவையும் அடுத்த சில ஆண்டுகளில் வெடிவைத்தும் இடித்தும் அகற்றப்பட்டன. பெயர்ப் பலகைகளையும் சிற்பத் துண்டுகளையும் மண்ணில் புதைத்தோ கொட்டகைகளில் மறைத்தோ காத்தவர்கள் இருந்தார்கள். 1987 டிசம்பர் 12 அன்று எஸ்தோனிய மரபுப் பாதுகாப்புச் சங்கம் திரிவிமி வெல்லிஸ்தே தலைமையில் தோன்றியது. 1988 முதல் அச்சங்கத்தின் உந்துதலில், சோவியத் ஆட்சி இன்னும் முடியாத நிலையிலேயே, கற்கள் ஒவ்வொன்றாக எழத் தொடங்கின. அந்த அலை 1990களிலும் தொடர்ந்தது. சில இடங்களில் அதற்கும் பின்னால்தான் நடந்தது. சிற்பி அமாந்துஸ் ஆதம்சன் வடித்த, தார்த்துவின் விடுதலைப் போர் நினைவான, காவிய நாயகன் காலெவிபொயெக்கின் சிலை 1933இல் நிறுவப்பட்டு, 1950இல் அகற்றப்பட்டு, 2003இல்தான் திரும்பி வந்தது.

ஆகவே கல்லை ஒருமுறை சுற்றி வாருங்கள். பின்புறத்திலோ அடிப்பீடத்தின் ஓரத்திலோ சிறிய எழுத்தில் ‘தாஸ்தத்துத் 1989’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். மீண்டும் நிறுவப்பட்டது என்பது அதன் பொருள். நாட்டப்பட்ட ஆண்டுக்கு ‘புஸ்திதத்துத்’ என்றும் அழிக்கப்பட்ட ஆண்டுக்கு ‘ஹாவிதத்துத்’ என்றும் எழுதியிருப்பார்கள். அந்த வரி இல்லாவிட்டாலும் கல்லே காட்டிக்கொடுக்கும். அடிப்பீடம் பனியாற்றுக் காலத்தில் உருண்டு வந்த வயற்பாறைகளால் கட்டப்பட்டுப் பாசியேறிக் கறுத்திருக்க, அதன்மேல் நிற்கும் தூண் இயந்திரத்தால் மெருகேற்றிய புதுக் கருங்கல்லாக இருந்தால், பீடம் முதலில் நாட்டப்பட்ட காலத்தது, தூண் 1988க்குப் பிந்திய மீட்டமைப்புக் காலத்தது. தூணின் குறுக்கே ஒட்டுச் சாந்துக் கோடு ஓடினால், உடைந்த துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். கல்லின் முகத்தில் எதையும் தாங்காத நான்கு ஓட்டைகள் நாற்சதுரமாக அமைந்திருந்தால், அங்கே ஒருகாலத்தில் உலோகப் பலகை ஒன்று இருந்தது. இப்போதுள்ள பெயர்கள் அந்தப் பலகையில் இருந்தவைதானா என்பது தனிக் கேள்வி. எழுத்தின் வடிவமும் உதவும்: உளியால் வெட்டிய எழுத்தின் பள்ளம் ‘வி’ வடிவில் கூர்மையாக இறங்கும், மணல் பீய்ச்சி வெட்டியதாயின் பள்ளத்தின் அடி தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். பின்னது ஏறத்தாழ எப்போதும் மீட்டமைப்புக் காலத்து வேலை.

உருவம் இருந்தால் அது எதைச் சொல்ல வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பங்குகள் தூண், கூம்பு, சிலுவை, வாள் ஆகியவற்றோடு நின்றுவிட்டன. வசதி கூடிய இடங்களில் சிற்பிகளை அழைத்தார்கள். சூரெ-யானியில் 1926இல் ஆதம்சன் படைத்த நினைவுச்சின்னம் 1919ஆம் ஆண்டு வீரனைக் காட்டவில்லை. 1217இல் சிலுவைப் படையினரோடு பொருதி மடிந்த எஸ்தோனியத் தலைவன் லெம்பித்துவைக் காட்டுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இழந்த விடுதலையை இப்போது மீட்டோம் என்பதே அந்தத் தேர்வின் உட்பொருள். ஆட்சி மாறியபோது இப்படிப்பட்ட சிலைகள் விட்டுவைக்கப்படாததற்கும் அதுவே காரணம். இந்தச் சின்னம் 1990இல் மீண்டும் நிறுவப்பட்டது.

ஒளியும் படமும்

தேய்ந்த எழுத்தைப் படிக்க ஒளி பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் எதிரே விழும் ஒளியில் ஆழம் குறைந்த எழுத்து மறைந்துவிடும். எஸ்தோனியாவில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரமே. சூரியன் நாள் முழுதும் தாழ்வாகவே நிற்கும் என்பதால், மேகமில்லாத குளிர்கால நண்பகல் எதிர்பாராத அளவுக்கு நல்ல ஒளி தரும், பனி மூடாதிருந்தால். ஜூனிலோ பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பகல். மாலை ஒன்பது மணிக்குமேல் வடமேற்கிலிருந்து வரும் ஒளி, பகலெல்லாம் நிழலில் இருந்த முகத்தையும் வருடும். இரண்டும் வாய்க்காவிட்டால், மேகமூட்டமான வேளையிலோ அந்திக்குப் பிறகோ ஒரு கைவிளக்கைக் கல்லின் பக்கத்தில், முகத்தை ஒட்டியவாறு பிடித்து, விளக்கை இடம் மாற்றி மாற்றிப் படமெடுங்கள். தூய நீரை லேசாகத் தெளித்தால் எழுத்து சற்றுத் தெளியும். உறைபனிக் காலத்தில் அதைச் செய்ய வேண்டாம், விரிசலில் இறங்கிய நீர் உறைந்து கல்லைப் பிளக்கும். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள்.

முழுத் தோற்றம், ஒவ்வொரு முகம், ஒவ்வொரு பத்தி, தெளிவில்லாத ஒவ்வொரு வரி என நெருங்கிக்கொண்டே போங்கள். சுற்றுப்புறத்தையும் எடுங்கள்: ஆலயம் எந்தத் திசையில், கல்லறை எவ்வளவு தொலைவில், அருகில் வேறு நினைவுக்கற்கள் உண்டா என்பவை பின்னால் தேவைப்படும். 1941 ஜூன் 14 அன்றும் 1949 மார்ச் 25 அன்றும் நாடுகடத்தப்பட்டோருக்கான கல், இரண்டாம் உலகப் போரில் மடிந்தோருக்கான கல் ஆகியவை பல ஆலய வளாகங்களில் இதே இடத்தில் நிற்கின்றன. சில இடங்களில் முதல் உலகப் போரில் ரஷ்யப் பேரரசின் படையில் இறந்த பங்குமக்களின் பெயர்களும் அதே கல்லில் 1914–1918 என்ற தலைப்பில் உள்ளன. இந்த வரிசைகளை ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.

படியெடுத்தல்

கல்லில் உள்ளபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இந்த விதி எளியதாகத் தோன்றும், ஆனால் கை தானாகவே திருத்தப் பார்க்கும். பழைய எஸ்தோனிய எழுத்துமுறையில் ‘வி’ எழுத்துக்குப் பதிலாக ‘டபிள்யூ’ வரும். 1920களின் கல்லில் அது இயல்பு. 1989இல் வெட்டிய கல்லில் அதுவே இருந்தால், மீட்டமைத்தவர்கள் பழைய படத்தையோ துண்டையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். நீங்கள் அதை இன்றைய எழுத்துக்கு மாற்றிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். எழுத்துகளின் மேலுள்ள இரட்டைப் புள்ளியும் நெளிகோடும் விடுபடக் கூடாது. அவை வேறு உயிரெழுத்துகள், அவற்றை விட்டால் பெயரே வேறாகிவிடும். படிக்க முடியாத எழுத்துக்குச் சதுர அடைப்பில் புள்ளியிடுங்கள். ஊகத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். பெயர்களின் வரிசையையும் மாற்ற வேண்டாம். அகர வரிசையில் ஓடிய பட்டியலின் இறுதியில் இரண்டு மூன்று பெயர்கள் வரிசை கலைந்து நின்றால், அவை பின்னால் சேர்க்கப்பட்டவை. அவையே பல சமயம் மிகச் சுவையான பெயர்கள்.

பெயரோடு வரும் சுருக்கக் குறிகள் சிலவே. ‘ரெயாமேஸ்’ சாதாரணப் படைவீரர். ‘கப்ரல்’ அதற்கு மேல். ‘லிப்னிக்’ இளநிலை அதிகாரி. ‘லெய்த்னந்த்’, ‘காப்தென்’ ஆகியவை தாமே விளங்கும். ‘வபதாஹ்த்லிக்’ என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவர். பள்ளி மாணவர்கள் பலர் இப்படிச் சேர்ந்தார்கள். தந்தை பெயரின்பின் வரும் ‘பி’ என்ற ஒற்றை எழுத்து மகன் என்பதைக் குறிக்கும். தம், சார், செப் போன்ற மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஆளை வேறுபடுத்த அது ஒன்றே துணை. இரண்டு எண்களோடு வரும் ‘வி-ஆர்’ என்ற குறி விடுதலைச் சிலுவை விருது பெற்றவரைக் காட்டும். 1919 பிப்ரவரி 24 அன்று நிறுவப்பட்ட அந்த விருதுக்கு மூன்று வகைகள், ஒவ்வொன்றிலும் மூன்று தரங்கள். போர்க்களத்தில் காட்டிய தனிப்பட்ட வீரத்துக்கு உரியது இரண்டாம் வகை.

தேதியிலிருந்து போர்முனைக்கு

இறந்த நாள் கல்லில் இருந்தால், ஆவணத்தைத் திறக்கும் முன்பே அந்த மனிதர் எங்கே விழுந்தார் என்று ஓரளவு கணிக்கலாம். 1918 நவம்பர் இறுதி முதல் 1919 ஜனவரி முதல் வாரம் வரையிலான தேதி என்றால், அது பின்வாங்கலின் காலம். செம்படை தாலினுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரை நெருங்கியிருந்தது. தலைமைத் தளபதி யொஹான் லைடொனெரின் படை ஜனவரி 7 அன்று எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது: 14 அன்று தார்த்து, 19 அன்று நார்வா, பிப்ரவரி 1 அன்று வால்கா மீட்கப்பட்டன. ஜனவரி 31 என்ற தேதியைத் தென் எஸ்தோனியக் கற்களில் கண்டால், பாயு மாளிகைச் சண்டையை நினையுங்கள். பின்னர் தன் பெயர் சூட்டப்பட்ட படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய யூலியுஸ் குப்பெர்யானொவ் அங்கே படுகாயமுற்று இரு நாளில் இறந்தார். ஃபின்லாந்துத் தன்னார்வலர்களும் அச்சண்டையில் விழுந்தனர்.

1919 மே மாதத் தேதிகளில் பல, ரஷ்ய நகரான பிஸ்கோவ் நோக்கிய முன்னேற்றத்தைச் சேர்ந்தவை. அந்நகர் மே 25 அன்று பிடிபட்டது. ஜூன் 5 முதல் ஜூலை 3 வரையிலான தேதி வேறு பகைவரைக் குறிக்கிறது. அது லாத்வியாவில் பால்டிக் ஜெர்மானியரின் லாண்டஸ்வேர் படையோடும் ஜெர்மானியத் தன்னார்வப் படைகளோடும் நடந்த போர். எஸ்தோனியர் வொன்னு என்றும் லாத்வியர் செசிஸ் என்றும் அழைக்கும் நகரருகே கிட்டிய வெற்றியின் நாளான ஜூன் 23, 1934 முதல் தேசிய வெற்றி நாளாகக் கொண்டாடப்பட்டது. 1919 நவம்பர், டிசம்பர் மாதத் தேதிகள் வரிசையாக நின்றால் அவை பெரும்பாலும் நார்வா முனையின் தற்காப்புச் சண்டைகள். தார்த்துவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கையிலேயே, எல்லைக்கோட்டை மாற்றிவிடச் செம்படை அங்கே அடுத்தடுத்துத் தாக்கியது.

1920 ஜனவரி 3க்குப் பிந்திய தேதிகளைப் பிழையென்று ஒதுக்காதீர்கள். காயத்தாலும், அக்குளிர்காலத்தில் பரவிய டைஃபஸ் காய்ச்சலாலும் இறந்தவர்கள் அவர்கள். ‘ஹாவதெஸ்ஸெ’ என்ற சொல் காயத்தையும், ‘ஹைகுஸ்ஸெ’ என்ற சொல் நோயையும், ‘தெயாத்மதா கதுனுத்’ என்ற தொடர் காணாமற்போனதையும் சொல்லும்.

ஆவணங்களில் தேடுதல்

எஸ்தோனியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘சாகா’ என்ற இணையத்தளத்தில் பங்குப் பதிவேடுகள் எண்மியப் படங்களாக உள்ளன. கட்டணமின்றிப் பதிந்து பார்க்கலாம். லுத்தரன் ஆலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான பதிவேடுகளோடு, குடும்பம் குடும்பமாக எழுதிய ஆள்பதிவேடும் உண்டு. நம் தேவைக்கு ஆள்பதிவேடே சிறந்தது. ஒரே பக்கத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர், பண்ணையின் பெயர் எல்லாம் கிடைக்கும். சில குருமார்கள் போரில் இறந்ததையும் அங்கேயே குறித்திருப்பார்கள். லுத்தரன் பதிவேட்டில் கிடைக்காவிட்டால் ஓர்த்தடாக்ஸ் பதிவேட்டைப் பாருங்கள். சாரெமா தீவிலும் தென்கிழக்கிலும் இரு சபையினரும் கலந்து வாழ்ந்தார்கள், ஊர்க் கல் அவர்களைப் பிரித்துப் பார்த்ததில்லை.

மொழி முதல் தடை. 1890களின் தொடக்கம் வரை லுத்தரன் பதிவேடுகள் ஜெர்மன் மொழியிலும், அதன்பின் பேரரசு வீழும் வரை ரஷ்ய மொழியிலும் எழுதப்பட்டன. ஆகவே 1889இல் பிறந்த அண்ணன் ஜெர்மன் எழுத்திலும் 1896இல் பிறந்த தம்பி ரஷ்ய எழுத்திலும் இருப்பார்கள். கல்லில் யான் அல்லது யுஹான் என்றிருப்பவர் பதிவேட்டில் யொஹான் ஆகியிருக்கலாம். யூரி கியோர்க் ஆகியிருக்கலாம். குடும்பப் பெயரிலும் எச்சரிக்கை தேவை. விவசாயக் குடும்பங்களுக்கு 1820களிலும் 1830களிலும்தான் குடும்பப் பெயர்கள் இடப்பட்டன. அவற்றில் பல ஜெர்மானியப் பெயர்கள். 1930களின் நடுவில் பெயர்களை எஸ்தோனிய மயமாக்கும் இயக்கம் நடந்தபோது உயிரோடிருந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். கல்லில் இருந்தவர்கள் பழைய பெயரிலேயே நின்றுவிட்டார்கள். கல்லில் ஜெர்மானியப் பெயரைக் கண்டு அவரை நிலப்பிரபு வகுப்பைச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை. அதே காரணத்தால், இறந்தவரின் உறவினர்களைத் தேடுபவர் அக்குடும்பம் 1930களில் ஏற்ற புதுப் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும்.

நாட்காட்டி இரண்டாவது தடை. 1918 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டியே வழங்கியது. பிறந்த தேதியை இன்றைய கணக்குக்கு மாற்ற, 1900 பிப்ரவரி இறுதி வரை பிறந்தவர்களுக்கு 12 நாட்களும் அதன்பின் பிறந்தவர்களுக்கு 13 நாட்களும் கூட்ட வேண்டும். கல்லுக்கும் பதிவேட்டுக்கும் இடையே சரியாகப் பன்னிரண்டு நாள் வேறுபாடு தெரிந்தால் அவர்கள் இரு வேறு ஆட்கள் அல்லர், ஒரே ஆள்தான்.

அதன்பின் செய்தித்தாள்கள். தேசிய நூலகத்தின் ‘திகார்’ தளத்தில் 1920கள், 1930களின் உள்ளூர் இதழ்கள் சொல் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. பங்கின் பெயரோடு நினைவுச்சின்னம் என்ற எஸ்தோனியச் சொல்லையும் சேர்த்துத் தேடினால், நிதி திரட்டல் அறிவிப்பு, திறப்பு விழா வருணனை, சில சமயம் முழுப் பெயர்ப் பட்டியலே கூட அகப்படும். பழைய படங்களுக்குக் காப்பகத்தின் ‘ஃபோதிஸ்’ தளத்தையும் அருங்காட்சியகங்களின் பொதுத் தகவல் தளமான ‘மூயிஸ்’ஐயும் பாருங்கள். திறப்பு விழாப் படத்தில் உள்ள பெயர்ப் பலகையை இன்றைய கல்லோடு வரி வரியாக ஒப்பிடுவதே இந்தப் பணியின் உச்சம் என்று நான் கருதுகிறேன். எந்தப் பெயர் விடுபட்டது, எது புதிதாகச் சேர்ந்தது, எது வேறு எழுத்தில் மாறியது என்பவை அப்போதுதான் வெளிப்படும். அதிகாரிகளைப் பற்றிய விவரங்களுக்கு வீம்சியில் உள்ள எஸ்தோனியப் போர் அருங்காட்சியகத்தின் அதிகாரிகள் தரவுத்தளம் உண்டு. சாதாரண வீரர்களுக்குப் படைப்பிரிவு ஆவணங்களைத்தான் நாட வேண்டும்.

கல்லில் இல்லாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். பட்டியலைத் தொகுத்தது உள்ளூர்க் குழு. அதற்குத் தெரிந்தவர்களே கல்லேறினார்கள். வேலை தேடி நகருக்குப் போனவரின் பெயர் பிறந்த பங்கிலும் வாழ்ந்த பங்கிலுமாக இரு கற்களில் இருக்கலாம். இரண்டிலும் இல்லாமலும் போகலாம். செம்படையின் எஸ்தோனியப் பிரிவுகளில் சேர்ந்து எதிர்த்தரப்பில் மடிந்த பங்குமக்கள் இக்கற்களில் இல்லை. 1919 பிப்ரவரியில் சாரெமாவிலும் மூஹுவிலும் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் உயிரிழந்த தீவு மக்களும் இல்லை. ஒரே ஆள்பதிவேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் அவர்களும் கல்லில் உள்ளவர்களும் இருப்பதைக் காணும்போது, கல் ஒரு தேர்வு என்பது புரியும்.

பராமரிப்பு

பதிவேட்டில் உள்ள நினைவுச்சின்னத்தில் எந்தப் பழுதுபார்ப்புக்கும் மரபுப் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி தேவை. எழுத்துக்கு வண்ணம் பூசுவதும் விரிசலை அடைப்பதும் இதில் அடங்கும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட சிமெண்ட் பூச்சு, வெடிமருந்து விட்டுவைத்த கல்லைக் கெடுத்துவிடக்கூடும்; சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்க, உறைபனி அதை வெளியே தள்ளும்போது கல்லின் மேற்பரப்பும் சேர்ந்தே பெயரும். தொலைமைட் கல்லில், குறிப்பாகச் சாரெமாவின் கார்மா கல்லில், இது விரைவாக நடக்கும்.

அனுமதியின்றி நீங்கள் செய்யத்தக்கது குறைவு: விழுந்த இலைகளை அகற்றுவது, பீடத்தைச் சுற்றிய புல்லைக் கையால் களைவது, அணைந்த மெழுகுவர்த்திக் கூடுகளை எடுத்துப் போவது. அழுக்கை நீக்கியே ஆக வேண்டுமென்றால், ஊர்ப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, தூய நீரும் இயற்கை நார்த் தூரிகையும் மட்டும் கொண்டு கீழிருந்து மேலாக மெல்லத் தேய்க்கலாம். கம்பித் தூரிகை, அமிலம், வெளுப்பான், அழுத்த நீர்ப்பீச்சு ஆகியவை கூடவே கூடாது. கற்பாசி எழுத்தை மறைத்தாலும் அதைச் சுரண்டாதீர்கள். அதன் வேரிழைகள் கல்லின் மணிகளுக்கிடையே இறங்கியிருப்பதால், சுரண்டும்போது எழுத்தின் விளிம்பும் உதிரும். பக்கவாட்டு ஒளி பாசிக்கு அடியில் உள்ள எழுத்தையும் பெரும்பாலும் காட்டிவிடும்.

ஜனவரி 3 காலை 10.30 மணிக்கும், பிப்ரவரி 24 காலையிலும், ஜூன் 23 அன்றும் பல இடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி மாலை வைப்பார்கள். அந்நாட்களில் அளவெடுப்பு வேலையைத் தவிர்த்து, விழா முடியும் வரை ஒதுங்கி நில்லுங்கள். ஆனால் போகாமல் இருக்க வேண்டாம்: மறைத்து வைத்த பலகையைப் பற்றியும் 1988க்குப் பிறகு கல்லைத் தூக்கி நிறுத்தியது பற்றியும் அறிந்தவர்கள் அன்றுதான் ஒருசேர வருவார்கள். அவர்கள் சொல்வதை, அனுமதி பெற்று, சொன்னவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியிடுவதாயின் பெயரை அவர் விருப்பப்படி மட்டுமே குறிப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் படியெடுப்பின் ஒரு நகலைப் பங்கு அலுவலகத்துக்கும் மற்றொன்றை வட்டார அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். ஒவ்வொரு படக் கோப்பின் பெயரிலும் பங்கின் பெயர், எடுத்த நாள், கல்லின் எந்த முகம் என்பதைச் சேர்க்க வேண்டும். படியெடுப்பின் தலைப்பில் அது எந்த ஆண்டு நிறுவிய கல்லிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், பழைய படத்தோடு ஒப்பிடப்பட்டதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.